கூகை முன்னால் மூச்சு விடாதே

"புகார் ஆந்த மேலயா, ஆளு மேலயா? மொதல்ல அத்த சொல்லுங்க சார்" என்றான் ஏசுபாதம்.

வந்தவர் சிரிக்கவில்லை. செய்யூரில் சவுக்கு வியாபாரம் செய்யும் உலகநாதன், சிரிப்பதற்காக வேலை மெனக்கெட்டு செங்கல்பட்டு வரை வருகிற ஆள் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் 'லோகநாயகி துப்பறியும் நிலைய'த்தின் ஒரே விருந்தினர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்பதால் அப்படி உட்காருவதே நல்லது.

லோகநாயகி மேசைமேல் கிடந்த போட்டோவைப் பார்த்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவள். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முதலில் சந்தேகப்படுவாள், பிறகுதான் ரசிப்பாள். இந்தப் படத்தில் அந்த வரிசை மாறிப்போயிற்று. சவுக்குத் தோப்புக்கு நடுவே ஓர் இடிந்த மோட்டார் ரூம். அதன் சுவர்மேல் ஒரு கூகை. வெள்ளை முகம், கறுப்புக் கண்கள், அந்தி கரைந்து போகிற நேரத்து வெளிச்சம். அந்த வெளிச்சத்திலும் நெஞ்சில் இருக்கும் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம் போல இருந்தது.

"எம்பொண்ணு ரேணுகா எடுத்தது" என்றார் உலகநாதன். "சிறுசேரில கம்ப்யூட்டர் கம்பெனில வேல. மகாபலிபுரத்துல ஒரு ரிசார்ட்டுல போட்டி வெச்சாங்க. ஆந்தைய இருட்டுற நேரத்துல எடுக்கணும். கையில புடிச்சே எடுக்கணும். ஸ்டாண்டு கூடாது, ஃபிளாஷ் கூடாது. மொதப் பரிசு இவளுக்குத்தான். இன்னிக்கி சாயங்காலம் குடுக்கறாங்க."

"சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான். ஆனா நடுவர் தீனதயாளன் நேத்து போன் பண்ணாரு. இவ ஸ்டாண்டு வெச்சு எடுத்தான்னு எவனோ புகார் குடுத்துட்டானாம். சாட்சி இல்லன்னா மேடையிலயே ஏமாத்துக்காரின்னு சொல்லிடுவாங்க. எம்பொண்ணு பேரு நாறிப்போவும்மா. அன்னிக்கி அவகூட யார் இருந்தாங்கன்னு கண்டுபுடிச்சுக் குடுங்க. அது போதும்."

"அவளையே கேக்கலாமே?"

"தனியாதான் போனேன்னு சாதிக்கறா. அவ கையப் பத்தி எனக்குத் தெரியாதா? காபி டம்ளரக் குடுத்தா பாதி தரைக்குதான். பொறந்ததுலருந்தே நடுக்கம்."

"தோப்பு யாரோடது?"

"என்னுதுதான். ஆனா அஞ்சு மணிக்கு மேல நான் அந்தப் பக்கம் போறதில்ல."

"ஏன்?"

"வேல இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்துப் போட்டோவில் கூகையின் முகத்துமேல் வைத்தார். காற்றுக்குப் பறக்காமல் இருக்கத்தான் என்று லோகநாயகி நினைத்தாள். அவர் இறங்கிப் போன பிறகு ஏசுபாதம் மின்விசிறியைக் காட்டினான். கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"ஏசு, வண்டியை எடு."

"பெட்ரோல் இல்லக்கா."

"நேத்துதானே போட்டோம்?"

"அது நேத்து பெட்ரோல்."

*

சிறுசேரியில் அந்த ஐ.டி. வளாகத்துக்கு வெளியே, ஷட்டில் பஸ்கள் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் கேமராப் பையுமாக ரேணுகா வந்தாள். சாயங்காலம் ஆபீஸிலிருந்தே விழாவுக்குப் போகிறாளாம். ஏசுபாதம் பேப்பர் கப்பில் டீயை நீட்டினான். வாங்கிய வேகத்தில் பாதி அவன் செருப்பின்மேல் கொட்டியது.

"உங்க அப்பா கணக்கு கரெக்டு" என்றான் காலை உதறிக்கொண்டே.

புகார் என்ற வார்த்தையைக் கேட்டதும் ரேணுகாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஸ்டாண்டெல்லாம் வெக்கல மேடம். சத்தியமா கையிலதான் புடிச்சேன்."

"இருட்டுல கேமரா ரொம்ப நேரம் கண்ணைத் திறந்து வெச்சிருக்கணும்னு சொல்வாங்க. இந்தப் படத்துக்கு எவ்வளவு நேரம்?"

"கால் செகண்டு."

"அதுக்குள்ள கை துளி ஆடினாலும் ஆந்தை பஞ்சு மிட்டாய் ஆயிடுமே. டீயையே பிடிக்க முடியாத கை கேமராவை எப்படிப் பிடிச்சுது?"

"மூச்ச அடக்கிக்கிட்டேன்."

"தனியாவா?"

"தனியாதான்." இந்த ஒரு பதில் மட்டும் கேள்வி முடிவதற்கு முன்பே வந்தது.

லோகநாயகி கேமராவைக் கேட்டு வாங்கினாள். ரேணுகா மூலப் படத்தை எடுத்துக் காட்டினாள். போட்டிக்குக் கொடுத்த படத்தில் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. இதில் வெட்டாத கீழ் மூலையில் மங்கலாக, வளைவாக, கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"இது என்ன?"

"செடி" என்றாள் ரேணுகா.

லோகநாயகி கேமராவைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஸ்டாண்டு திருகு மாட்டும் ஓட்டையை மூடிக்கொண்டு கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பிரிக்கவே இல்லை. ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஏதோ மினுக்கியது. அதைச் சுரண்டி எடுத்து, பஸ் டிக்கெட்டில் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

"உன் கேமரா ஸ்டாண்டையே பார்த்ததில்ல. அதை நான் சொல்றேன், பயப்படாதே" என்று சொல்லி ரேணுகாவை அனுப்பினாள். பயம் ஸ்டாண்டைப் பற்றி இல்லை என்பது அந்தப் பெண் நடந்து போன நடையிலேயே தெரிந்தது.

லோகநாயகி அங்கிருந்தே உலகநாதனுக்குப் போன் செய்தாள். "ஸ்டிக்கர்கூடப் பிரிக்கல சார். ஸ்டாண்டு இல்லைன்னு நிரூபிச்சாச்சு."

"அது சரிம்மா. ஆளு யாரு?"

"ஆளு எதுக்கு? புகாரே ஸ்டாண்டைப் பத்தித்தானே?"

"சாட்சிம்மா, சாட்சி!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

லோகநாயகி ஏசுபாதத்தின் பக்கம் திரும்பினாள். "ஏசு, செடிக்குக் காது மடல் இருக்குமா?"

"சேப்பங்கெழங்கு எல தும்பிக்க காது மாதிரி இருக்கும்க்கா."

"தும்பிக்கைக்குக் காது ஏது? அந்த மூலையில தெரிஞ்சது மனுஷன் காது. அவ கேமராவைக் கையிலதான் பிடிச்சிருந்தா. கை ஒருத்தன் தோள்மேல இருந்துது." பர்ஸைத் திறந்து டிக்கெட்டைப் பிரித்தாள். உள்ளே ஒரு மீன் செதில். "அந்தத் தோள் காலையில கடலுக்குப் போற தோள்."

*

உலகநாதனின் தோப்பை ஒட்டி ஒரு மீனவர் குப்பம் இருந்தது. ஈ.சி.ஆரிலிருந்து இறங்கும் மண் ரோட்டில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த ஏசுபாதம் மூச்சு வாங்கினான்.

"இங்க எல்லார் தோள்லயும் செதில் கீதுக்கா. எந்தத் தோளுன்னு கேப்ப? வரிசையா நிக்க வெச்சு மோந்து பாக்கலாமா?"

"உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். கூகையை நேருக்கு நேர் பார்த்தா இங்க என்ன பண்ணுவாங்க?"

"சாவுக்குருவியாச்சே! வூட்டுக்கு வந்ததும் சுத்திப் போடுவாங்க."

"எதை வெச்சு?"

"உப்பு, மொளகா..." என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான். அவன் முகத்தில் புத்தி வெளிச்சம் அடிப்பது அபூர்வம் என்பதால் லோகநாயகி அதைக் கொஞ்சம் ரசித்தாள். "அக்கா, மளிகைக் கடை!"

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "காஞ்ச மொளகாவா? ஆதியம்மா வூடுதான். குழம்பு வெக்கறாளா, குளிக்கறாளான்னு தெர்ல. நாளு தவறாம வாங்கிகினு போறா."

ஆதியம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிவாள்மணையில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். விற்பதற்கு அல்ல, வீட்டுக்கு. விற்கிற மீனைக் காலையிலேயே மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குக் கொடுத்து முடித்துவிடுவாள்.

"மொளகாயா? ஏம்மா வவுத்தெரிச்சலக் கெளப்பற!" என்றாள். "எம்புள்ள பூவராகவன் கீறானே, பொழுது சாய்ஞ்சா தோப்புக்குப் போறான். வரசொல்ல மூஞ்சி பேயறைஞ்சாப்ல கீது. 'எம்மா, சுத்திப் போடு'ன்றான். இன்னாடா பாத்தன்னா சாவுக்குருவின்றான். அப்ப போவாதடான்னா மறுநாளும் போறான். கடல்ல ஆளு உயரத்துக்கு அலை வந்தாலும் சிரிச்சிகினு நிக்கறவன்மா. ஒரு குருவிக்குப் பயந்துகினு, அத்தியே தேடிகினும் போறான். எனக்கு ஒண்ணும் புரில."

வீட்டுக்குப் பின்னால் என்ஜினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த பூவராகவன் நல்ல உயரம், அதற்கேற்ற தோள். போட்டோவைக் காட்டியதும் ஓரடி பின்னால் போனான். ஏசுபாதம் அவன் காதை எட்டிப் பார்த்து, "அதே செடி" என்றான்.

பூவராகவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. கொஞ்சம் முயன்று பார்த்து விட்டுவிட்டான்.

"அது என்னியே பாத்துச்சுக்கா. கண்ண மூடாம பாத்துகினே இருந்துச்சு. ரேணுகா பின்னால நின்னுகினு எந்தோள் மேல கேமராவ வெச்சி, 'அசையாத, மூச்சு வுடாத'ன்னா. மூச்சு எங்க வந்துச்சு வுடறதுக்கு? கையி காலு எதுவும் எங்கிட்ட இல்ல. கல்லாட்டம் வெறைச்சிப் போயிட்டேன்."

"மகாபலிபுரத்துல செதுக்காத செலையே கெடையாதுன்னு நெனச்சேன்" என்றான் ஏசுபாதம். "இது ஒண்ணு பாக்கி இருந்துகீது."

"இவ்வளவு பயம் இருக்கே. தினமும் எதுக்குப் போனே?" என்று கேட்டாள் லோகநாயகி.

"கூப்டுச்சுக்கா."

"ஆந்தையா?"

"ரேணுகா."

பூவராகவன் கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பிசைந்தான்.

"அவங்க நைனாவுக்குத் தெரிஞ்சா அவளை வேலைய வுட்டு நிறுத்திடுவாரு. அடுத்த மாசமே எவனுக்காச்சும் கட்டி வெச்சிடுவாரு. எனக்குப் பயமெல்லாம் அதான்க்கா. எம்பேர மட்டும் சொல்லிடாத. அவரு எங்களப் புடிக்க முடியாததே சாவுக்குருவி இருக்கற தோப்புக்கு சாயங்காலத்துல வரமாட்டாருன்னுதான். என்ன விட அவருக்குப் பயம் சாஸ்தி. ஊருக்கே தெரியும்."

லோகநாயகிக்குப் பேப்பர் வெயிட் நினைவுக்கு வந்தது. ஓடாத மின்விசிறியும், "ஆளு யாரு?" என்ற கத்தலும் பின்னாலேயே வந்தன. தீனதயாளனின் நம்பரைத் தேடிப் போன் செய்தாள்.

"புகாரா?" என்றார் நடுவர். "எந்தப் புகாரும் வரலையேம்மா. நான் யாருக்கும் போன் பண்ணவும் இல்ல. அருமையான படம் அது. யாரு நீங்க?"

லோகநாயகி போனைப் பைக்குள் போட்டாள். பொய்க் கிளெய்ம் பிடிப்பதே தொழிலாக இருந்தவளிடம் ஒரு சவுக்கு வியாபாரி பொய்க் கிளெய்ம் போட்டிருக்கிறார். மகள் யாரோடு தோப்பில் நிற்கிறாள் என்று பின்தொடர்ந்து பார்க்க ஆந்தை விடவில்லை. அதற்காக ஒரு துப்பறிவாளரை அனுப்பியிருக்கிறார். இவளும் வாலை ஆட்டிக்கொண்டு நேராக இந்த வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது.

"நாம யாரைப் பிடிச்சோம் ஏசு?"

"குத்தவாளியக்கூட நாம இவ்ளோ சீக்கிரம் புடிச்சதில்லக்கா. பாவம், சும்மா இருந்தவனப் புடிச்சிட்டோம்."

*

ரிசார்ட்டின் புல்வெளியில், கடலைப் பார்த்தாற்போல மேடை போட்டிருந்தார்கள். சூரியன் மறைந்து வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. லோகநாயகி முதலில் ரேணுகாவைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"புகார் எதுவும் இல்ல. உங்க அப்பா கட்டின கதை. நான் அவர்கிட்ட பேரைச் சொல்லப் போறதில்ல. நீ போய்ப் பரிசை வாங்கிட்டு வா. யாருக்கும் எதுவும் தெரியாது."

ரேணுகா தலையாட்டினாள். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. புல்வெளியின் கோடியில், தென்னை மரத்தடியில், ஏசுபாதத்தின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு வந்த பூவராகவன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தான்.

உலகநாதன் லோகநாயகியைத் தேடிக்கொண்டு வந்தார். "பேரச் சொல்லுங்க."

"எந்தப் பேரு சார்? இல்லாத புகாருக்கு எதுக்கு சாட்சி?" அவர் காலையில் கொடுத்த ஃபீஸ் கவரை அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினாள். "எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்து எப்படி எடுத்தான்னு கேக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் யாருன்னு கேட்டீங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்க பொண்ணைக் கேக்க வேண்டியதை ஊர்ல இருக்கிற ஜெராக்ஸ் கடை மாடிக்கெல்லாம் வந்து கேக்கறீங்களே."

உலகநாதன் பதில் சொல்வதற்குள் மைக்கில் ரேணுகாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் மேடை ஏறினாள். தீனதயாளன் வெள்ளிக் கேடயத்தை நீட்டினார். ரேணுகா அதை வாங்காமல் மைக்கைப் பிடித்தாள். மைக் நடுங்கியது.

"சார், இத வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்குக் கை நடுங்கும். ஸ்டாண்டு வெக்கல. ஆனா ஒருத்தரோட தோள்மேல கைய வெச்சிருந்தேன். அவருக்கு ஆந்தைன்னா உயிரே போயிடும். அப்பிடியும் நான் கூப்ட்டப்பெல்லாம் வந்து நின்னாரு. பாதிப் படம் அவரோடது. அவரை மறைச்சிட்டு இத நான் மட்டும் வாங்கிக்கிட்டா நல்லாருக்காது." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவர் பேரு பூவராகவன். அந்தத் தென்னமரத்துகிட்ட நிக்கறாரு. அப்பா, உங்ககிட்டயும்தான் சொல்றேன்."

புல்வெளி முழுக்கத் தென்னை மரத்தைத் திரும்பிப் பார்த்தது. தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதியில கைன்னுதான்மா போட்டிருக்கோம். தோள்னு போடலையே" என்றார் நிஜமான வருத்தத்தோடு. கேடயம் இரண்டாம் பரிசுக்காரர் பக்கம் நகர்ந்தது. ரேணுகா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கீழே இறங்கி வந்தாள். லோகநாயகிக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தொழிலுக்கு அழகில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

உலகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னை மரத்தை நோக்கிப் போனார். பின்னாலேயே ரேணுகா ஓடினாள், அவளுக்குப் பின்னால் லோகநாயகியும் ஏசுபாதமும் ஓடினார்கள்.

"உன்ன..." என்று உலகநாதன் விரலை நீட்டினார்.

தலைக்கு மேல் துணியைக் கிழித்தது போல ஒரு அலறல் கேட்டது.

விளக்குக்குப் பூச்சி வந்திருந்தது, பூச்சிக்கு எலி வந்திருந்தது. எலிக்காக வந்த கூகை சத்தமில்லாமல் இறங்கி, இரண்டு பேருக்கும் பக்கவாட்டில் இருந்த அலங்கார வளைவின்மேல் உட்கார்ந்தது. வெள்ளை முகத்தைத் திருப்பி அவர்களைப் பார்த்தது.

நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. பூவராகவன் விறைத்தான். உலகநாதனின் இன்னொரு கை எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடியது. பக்கத்தில் இருந்தது ஒரு தோள்தான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவரும் விறைத்தார்.

"அண்ணா, அசையாதீங்க. மூச்சு விடாதீங்க" என்ற குரல் ஏசுபாதத்தின் பின்னாலிருந்து வந்தது. ரேணுகாவின் கையும் கேமராவும் அவன் தோளில் இறங்கின. ஏசுபாதம் சொல்வதற்குத் தயாராக ஒரு கமெண்ட் வைத்திருந்தான். அதை அப்படியே விழுங்கினான். அவன் பேசாமல் இருந்ததை லோகநாயகி பார்ப்பது அதுதான் முதல் தடவை.

இருட்டு நன்றாகவே இறங்கியிருந்தது. கால் விநாடி போதாது, அரை விநாடி வேண்டும். கவலையில்லை. எதிரே நின்ற இரண்டு பேரும் அசைகிற நிலையில் இல்லை. கிளிக் என்றது கேமரா. சின்னத் திரையில் ஒரு வளைவு, அதன்மேல் கூகை, அதன் கீழே தோளோடு தோளாக அப்பாவும் பூவராகவனும். மூன்று முகமும் துல்லியமாக விழுந்திருந்தன. ரேணுகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"போயிடுச்சா?" கண்ணை இறுக மூடிக்கொண்டு உலகநாதன் கேட்டார்.

"தெரில நைனா." பூவராகவனும் கண்ணைத் திறக்கவில்லை. "நீங்க பாருங்க."

"நீ பாரு."

கூகை எப்போதோ கடல் பக்கமாகப் பறந்து போயிருந்தது. அதை அவர்களிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று லோகநாயகி எல்லாரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.